ஹேலோ இல்லாத கேலக்ஸி

ஜனவரி 9
எந்தக் கேலக்ஸியும் கண்ணுக்குத் தெரியும் பொருளின் இழுப்புக்கு மீறிய வேகத்தில்தான் சுற்றும். சிதறாமல் பிடித்து வைப்பது சுற்றிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள், அதாவது ஹேலோ. நான் ஆராயும் கேலக்ஸி மெதுவாகச் சுற்றுகிறது. ஹேலோ தேவையே இல்லை. கணக்கில் தப்பா? மறுபடியும் போட்டேன். அதேதான்.

ஜனவரி 12
என் கைடு பாலகோபால் சாரிடம் காட்டினேன். "நல்லா வந்திருக்குதுங்க. பேப்பர நானே அனுப்பறனுங்க" என்றார். எல்லோருக்கும் 'ங்க' போடுவார். வாசலில் படுத்திருக்கும் நாயிடமும் "கொஞ்சம் தள்ளுங்க"தான்.

மார்ச்சோடு உதவித்தொகை முடிகிறது. இந்தப் பேப்பர் ஆய்விதழில் வந்தால் நீட்டிப்பார்கள்.

ஜனவரி 21
அம்மாவிடம் சொன்னேன். "ஏஞ்சாமி, கண்ணுக்குத் தெரியாதது இருக்குதுன்னு நாலு வருசம் படிச்சுபோட்டு, இப்ப இல்லைங்கறயா?"

பிப்ரவரி 3
லேபில் பக்கத்து மேசை இல்மா கேட்டாள்: "மொதல்ல ஹேலோ திரளும், அதுக்குள்ள வாயு விழுந்துதான் நட்சத்திரமே வரும். உன்னோடது எதுக்குள்ள விழுந்துச்சு?"
பொறாமை என்று முடிவு செய்தேன்.

பிப்ரவரி 11
இன்றுதான் படத்தை ஒழுங்காகப் பார்த்தேன். கேலக்ஸி தோசை மாதிரி வட்டமாக இருக்கிறது.

நம்மை நோக்கிய வேகம் மட்டுமே அளவில் வரும். சாய்வை வைத்துத்தான் முழு வேகம். "சாய்வு அறுபதுங்க" என்று ஆரம்பத்திலேயே சார் சொல்லியிருந்தார். அறுபது பாகை சாய்ந்திருந்தால் முட்டையாக நசுங்கித் தெரியவேண்டுமே. அவர் விளிம்பு மட்டும் தெரியும் நிலையிலிருந்து அளந்திருக்கிறார், நான் முழு வட்டம் தெரியும் நிலையிலிருந்து எடுத்துக்கொண்டேன். தொண்ணூறில் அறுபது போக, உண்மையில் முப்பது. வேகம் ஒன்றே முக்கால் மடங்கு. ஹேலோ வந்துவிட்டது.

எங்கிருந்து அளந்தது என்று கேட்டிருக்கலாம். "சரிங்க சார்" என்றேன். சாரைத் திருப்பிக் கேள்வி கேட்டால் மரியாதையா?

போச்சு. எல்லாம் போச்சு. அழுதேன்.

பிப்ரவரி 12
சொல்லவில்லை.

பிப்ரவரி 13
சொன்னேன். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பொங்கலுக்கே பாத்துட்டனுங்க. நீங்க அத்தன சந்தோசமா இருந்தீங்க. எப்படிங்க சொல்றது?"
"பேப்பர் அனுப்பிட்டீங்களா சார்?"
"அதெப்படிங்க அனுப்பறது?"

ஒரு மாதம். நெட் சரியில்லை, கரண்ட் இல்லை என்று ஏதேதோ சொல்லித் தள்ளிப்போட்டிருக்கிறார். திட்டவேண்டும் போல இருந்தது. 'ங்க' போட்டுத் திட்ட எனக்குத் தெரியாது.

ஏப்ரல் 2
நீட்டிப்பு இல்லை. காலையில் சரவணம்பட்டி கல்லூரி ஒன்றில் முதலாண்டு லேப் எடுக்கிறேன், மதியம் ஆய்வு.

அடுத்த கேலக்ஸியின் கணக்கைச் சாரிடம் கொடுத்தேன். இரண்டு பக்கம் புரட்டினார். தொண்டையைச் செருமினார்.
"இது தப்புங்க."
நான்கு வருடத்தில் முதல் தடவை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.
"எங்கீங்க சார்?" என்றேன்.