அந்த நம்பரை மாற்றப் போவதில்லை

விருத்தாசலம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் சண்முகப்ரியாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம், மாத்திரை வேளைக்கு உள்ளே போகிறது, சர்க்கரைதான் சொன்னபடி கேட்பதில்லை. புனேயில் நீ ஒழுங்காகச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன், இல்லையென்றால் இதைப் படித்த பிறகாவது போய்ச் சாப்பிடு. போனில் பேசினால் நான் கத்துகிறேன், நீ அழுதுகொண்டே கட் பண்ணிவிடுகிறாய், புதன்கிழமையும் அதுதான் நடந்தது. கடிதத்தில் குறுக்கே பேச ஆள் இல்லை, எனக்கு இது வசதி.

நீ சொன்னதற்கு வருகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் இதய ஆபரேஷனுக்கு ஓ நெகட்டிவ் ரத்தம் வேண்டும் என்று நீ வாட்ஸ்அப்பில் போட்ட செய்தி இன்னும் ஊர் ஊராகச் சுற்றுகிறது, யார் யாரோ உங்களைக் கூப்பிட்டுத் தொந்தரவு செய்கிறார்கள், எல்லாம் என்னால்தான், அந்த நம்பரை மாற்றித் தொலையுங்கள் அப்பா, இனி யாருக்காகவும் நான் எதையும் அனுப்பவே மாட்டேன் என்றாய். நீ செய்த தப்பு ஒன்றே ஒன்று, தேதி போடவில்லை. ரயில் டிக்கெட் கிடைக்காமல் அங்கே தவித்துக்கொண்டிருந்தவளுக்குத் தேதி எங்கே ஞாபகம் வரும். மீதியெல்லாம் மற்றவர்கள் சேர்த்தது. என் வயது 56 என்று போட்டிருந்தாய், வழியில் எவனோ ஐந்தைத் தின்றுவிட்டான், இப்போது எனக்கு ஆறு வயது, இதயத்தில் ஓட்டை. புதுச்சேரி ஆஸ்பத்திரி போய் விருத்தாசலம் பெரிய ஆஸ்பத்திரி வந்துவிட்டது. மாசி மகத்துக்கு வந்ததில், பழமலைநாதர் மேல் ஆணை, பதினோரு பேருக்கு அனுப்பாவிட்டால் குடும்பத்துக்கு ஆகாது என்று ஒரு மிரட்டல் வேறு. அது எங்கள் பீங்கான் யூனிட் குரூப்பிலேயே வந்தது. போட்டது யார் என்கிறாய், தங்கதுரை. பக்கத்தில் நின்று அச்சில் களிமண் கரைசல் ஊற்றுகிறவன், ஆபரேஷன் முடிந்து என்னைப் பார்க்க ஆப்பிளோடு வந்தவன். ஏன்டா, கீழே இருக்கிறது என் நம்பர், நான் உன் எதிரில் நிற்கிறேன் என்றால், நம்பர யாருண்ணா பாத்தா, கொழந்தன்னு போட்டிருந்துது, மனசு கேக்கல, தட்டி வுட்டேன் என்கிறான். நான் குரூப்பில் எல்லோரையும் சேர்த்து முட்டாள்கள் என்று எழுதினேன். தங்கதுரை குரூப்பை விட்டுப் போய்விட்டான், செய்தி போகவில்லை.

கூப்பிடுகிறவர்களிடம், அது பழசு, போனை வைங்க என்பேன் நான். அம்மா எடுத்தால் கதையே வேறு. கொழந்த எப்பிடிம்மா இருக்குது என்று அவர்கள் கேட்பார்கள், இவள், நல்லா இருக்குதுப்பா, ஒரு நாளைக்கு நாலு டீ கேட்டு உசுர வாங்குது என்பாள். பிறகு விஷயத்தைச் சொல்லி, இதே செய்தி வந்தால் வந்த இடத்திலேயே முடிந்துவிட்டது என்று போட்டுவிடச் சொல்வாள். அவர்களும் சிரித்துக்கொண்டே போடுவார்கள். என் கத்தலால் ஒருவர்கூட அப்படிப் போட்டதாகத் தெரியவில்லை.

நீ அழுததில் எனக்கும் ஆத்திரம் வந்து, வியாழக்கிழமை காலையில் நம்பரை மாற்றிவிடுவது என்றுதான் சட்டையை மாட்டினேன். வாசலில் ஒரு பையன், உன் வயதுதான் இருக்கும், நெல் அறுக்கும் வண்டி ஓட்டுகிறவன், பெயர் அன்பரசன். சேத்தியாத்தோப்பிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருக்கிறான், பெரிய ஆஸ்பத்திரியில் அப்படி ஒரு குழந்தையே இல்லை என்று சொல்லிவிட்டார்கள், செய்தியில் நம்பரோடு இருந்த என் பெயரையும் பீங்கான் வேலையையும் சொல்லி ஆட்டோக்காரர்களிடம் விசாரித்து வீட்டுக்கே வந்துவிட்டான். எனக்கு வந்ததே கோபம். தேதி பார்க்க மாட்டாயா, போன் பண்ணிக் கேட்டுவிட்டு வரமாட்டாயா, படித்தவன்தானே என்று நிற்கவைத்துக் கேட்டேன். நேத்து பண்ணங்க, நாலு தடவ பண்ணன், நீங்க எடுக்கல, ஆஸ்பத்திரியில போன் எடுக்கக்கூட ஆளு இல்லாம நிக்கறாங்க போலன்னு நெனச்சி வந்துட்டங்க என்றான். புதன்கிழமை சூளை எரிந்துகொண்டிருந்தது, பழைய ரத்த போன்தான் என்று வேண்டுமென்றே எடுக்காமல் விட்டது நான். அவன் மெதுவாக, அந்தக் கொழந்த எங்கங்க என்றான். அம்மா உள்ளேயிருந்து வந்து என்னைக் காட்டி, இதுதாம்ப்பா, நல்லா முழுசா பாத்துக்க என்றாள். பையன் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். இட்லி போட்டாள், எட்டு தின்றான். வந்தது வந்தேன், வேற யாருக்காச்சும் ஆவட்டுங்க என்று அவனே சொல்ல, வண்டியில் கூட்டிக்கொண்டு போய் அரசு ஆஸ்பத்திரி ரத்த வங்கியில் கொடுக்க வைத்தேன். வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஓ நெகட்டிவ் கிடைப்பது கஷ்டம், அடுத்த முறையும் வாருங்கள் என்றார்கள்.

அதனால் சொல்கிறேன், நம்பரை மாற்றப் போவதில்லை. மாற்றினால் செய்தி நிற்காது, அடுத்த அன்பரசனுக்குப் பதில் சொல்ல ஆள் இருக்காது, அவ்வளவுதான். நீயும் இனி எதையும் அனுப்பமாட்டேன் என்று கதவைச் சாத்தாதே. உன்னிடம் ஒரு செய்தி வந்தால் முதலில் அதிலிருக்கும் நம்பருக்கு நீயே பேசு, எடுக்காவிட்டால் ஆஸ்பத்திரியைக் கேள், உண்மை என்றால் தேதி போட்டு, எந்த ஊருக்கு உதவுமோ அந்த ஊர்க்காரர்களுக்கு மட்டும் அனுப்பு. சூளையில் மீட்டர் எத்தனை டிகிரி காட்டினாலும், துவாரத்தில் கண்ணை வைத்து உள்ளே வைத்த, சூடு சரியானால் வளைகிற கூம்பு வளைந்துவிட்டதா என்று பார்க்காமல் நான் நெருப்பை நிறுத்தியதில்லை, அந்த ஒரு நிமிஷம்தான் இதற்கும். சாமி பெயரைச் சொல்லி மிரட்டினால் அங்கேயே அழித்துவிடு, சாமிக்கு வாட்ஸ்அப் கிடையாது. தப்பாக அனுப்பியவரைக் குரூப்பில் வைத்து மானத்தை வாங்காதே, தனியாகச் சொல். நான் தங்கதுரை வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன், திரும்பக் குரூப்பில் சேர்ந்துவிட்டான்.

உனக்கு ஒரு வேலை. ரத்தம் கிடைத்துவிட்டது, அப்பா நலம், நன்றி, இனி அனுப்ப வேண்டாம் என்று தேதியோடு ஒன்று எழுதி, அன்றைக்கு நீ முதலில் போட்ட குரூப்புகளிலேயே போடு. எல்லா இடத்துக்கும் போய்ச் சேராது, தெரியும், போகிற வரை போகட்டும். நானே எழுதிப் பார்த்தேன், கரண்டு கட்டுன்னு போர்டு வெச்ச மாதிரி இருக்குது, அவளே எழுதட்டும் என்று அம்மா வாங்கி வைத்துவிட்டாள்.

இன்னொன்று. ரத்த வங்கிக்குப் போகிற வழியில் அன்பரசன் காட்டிய செய்தியில் வயதும் நோயும் ஆஸ்பத்திரியும்தான் மாறியிருந்தன, குழந்தை என்றதும் யாரும் அடிவரை படிப்பதில்லை போல, அங்கே நீ எழுதியது அப்படியே இருந்தது. நான் அதை இதுவரை படித்ததில்லை, அந்த நாளில் நான் மயக்கத்தில் கிடந்தேன், எங்கள் குரூப்பில் வந்ததில் அந்த இடத்தில் சாமி மிரட்டல்தான் இருந்தது. எங்கப்பா ரொம்பக் கோபக்காரர், அவருக்குப் பயந்து நான் இன்னும் அவரோடு சரியாகப் பேசினதே இல்லை, பேசவேண்டியது நிறைய இருக்கிறது, தயவுசெய்து யாராவது வாருங்கள் என்று எழுதியிருக்கிறாய். நடு ரோட்டில் வண்டியை நிறுத்தி இரண்டு தடவை படித்தேன். பையன் இறங்கி ஓரமாக நின்றுகொண்டான், நல்ல பிள்ளை.

நல்லா இரு, நோய் நொடி இல்லாமல் இரு, உன் மனசு இப்படியே இருக்கட்டும். இரவு வேலை முடிந்து தனியாக வராதே, தயிர் சேர்த்துக்கொள், அம்மா சொல்லச் சொன்னாள். சூளை எரிகிற நேரம் என்றாலும் இனி போனை எடுப்பேன், கத்தமாட்டேன் என்று அம்மாவிடம் ஒத்துக்கொண்டிருக்கிறேன். பேசவேண்டியது நிறைய என்றாயே, அதை ஆரம்பி.

உன் அப்பா,
சக்கரபாணி