சின்னச் சஹன் ஒன்று

கொழும்பு, வியாழக்கிழமை

அன்புள்ள உம்மாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் முழங்கால் வலி குறைய துஆ கேட்கிறேன். நான் சுகம்.

மென்பொருள் கம்பனியை விட்டபின் நம்மூர் மருதமுனைக் கைத்தறிச் சாறன் விற்கிறேன், போன் திருத்துகிறேன், பகலில் சோற்றுப் பார்சலும் கொடுக்கிறேன். நேற்று மேசன் வேலை செய்யும் மூத்த நானா ஒருவர், "தம்பி, சோத்துல உப்பில்ல" என்றார். கம்பனிப் பழக்கத்தில், "ஈமெயில் ஒண்டு போடுங்க, ரெண்டு நாளுல பதில் வரும்" என்றுவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே பார்சலை விரித்து, "நீங்களே திண்டு பாருங்க" என்றார். ஓம், உப்பில்லைதான். கந்தூரி விருந்தில் ஒரே சஹன் தட்டைச் சுற்றியிருந்து கைவைப்பதுபோல் இருவருமாகத் தின்று முடித்தோம். கம்பனியில் ஏழு வருடம் திரையைப் பார்த்தபடி தனியே தின்றவன் நான்.

சாறன் கட்டோடு சின்னச் சஹன் ஒன்றையும் பஸ்ஸில் போட்டுவிடுங்கள். சோறு வடிக்க நேரமாயிற்று. நானா இன்றும் வருவார்.

மகன் றினாஸ்