படத்தில் இரண்டு ஹோயல்

வின்ஸ்டன், வட கரோலினா
1926 நவம்பர் 14, ஞாயிறு

அன்பு மகள் வெர்லீனுக்கு அம்மா எழுதுவது. நான் நடமாடிக்கொண்டு இருக்கிறேன். பிலடெல்பியாவில் குளிர் அதிகம் என்கிறார்கள், சரியாகப் போர்த்திக்கொள்.

அப்பாவை அடக்கம் செய்து மூன்று வாரம் ஆகிறது. நீ வேலை செய்யும் வீட்டில் லீவு தராததற்கு நீ என்ன செய்வாய். யாரும் உன்னைக் குறை சொல்லவில்லை. சபைப் பெண்கள் கோழியும் சோளரொட்டியும் கொண்டுவந்து வைத்துக்கொண்டே இருக்கிறார்கள். எனக்குத்தான் இறங்கவில்லை.

கண்ணை மூடினால் அப்பா முகம் வரமாட்டேன் என்கிறது, ஒரு படம் அனுப்பு என்று எழுதியிருந்தாய். அவர் படத்துக்கு நின்றது ஒரே தடவை. நாலு வருஷத்துக்கு முன், புகையிலை ஆலை வாசலில் எல்லோரையும் நிறுத்தி எடுத்தார்களே, அதுதான். வியாழக்கிழமை அதைக் கேட்டு ஆபீசுக்குப் போனேன். பின்வாசல் வழியாக விட்டார்கள். சுவரில் நீளமாக மாட்டியிருந்தது. விரலை வைத்துத் தேடினேன். மேசையில் இருந்த வெள்ளைக்காரப் பெண், "கெஸியா, கைய எடு, கண்ணாடில கறை ஒட்டிக்கும்" என்றாள்.

படம் பிடித்த அந்தப் பெட்டி மெதுவாகத் திரும்பிக்கொண்டே பிடிக்கும். முதலில் வெள்ளைக்காரர்கள், நடுவில் ஒரு ஆள் நிற்கும் இடைவெளி, அப்புறம் கோடி வரை கருப்பர்கள் நாங்கள். ஆலையில் மெஷின் ஓட்டும் ஹோயலைப் பெட்டி தாண்டியதும், அவன் எல்லோர் முதுகுக்கும் பின்னால் ஓடிவந்து, எங்கள் மேல் வரிசைப் பலகையில் ஏறி, அப்பாவுக்கு முன்னால் நின்றுகொண்டான். ஒரே படத்தில் இரண்டு தடவை விழ வேண்டுமாம். "அசையாதடா லெம், ஒன் கருப்புக்கு முன்னால நான் இன்னும் வெள்ளையாத் தெரிவேன்" என்றான். போர்மேன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தள்ளி நில்லுங்கள் என்று அப்பா எப்படிச் சொல்வார்.

வீட்டுக்கு வந்து, "அந்த மூஞ்சிய ஒருதரம் பாக்கவே சகிக்காது, ரெண்டு தரம் மாட்டி வைக்கப் போறானுங்க கெஸி" என்றார். நானும் சிரித்தேன். இன்னொரு படம் எடுக்காமலா போய்விடுவோம் என்று இருந்துவிட்டோம்.

படத்தில் ஹோயல் இரண்டு இடத்தில் சிரிக்கிறான். உன் அப்பா முகம் ஒரு இடத்திலும் இல்லை. கீழ் வரிசையில் நான் இருக்கிறேன். ஹோயலைச் சுற்றி நீண்டு, என் தோளைத் தொட்டபடி ஒரு கை இருக்கிறது. சுண்டுவிரல் மடங்காத கை. அதைப் பார்த்துவிட்டு வந்தேன். படத்தைத் தர முடியாதாம்.

இதைச் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். எனக்கும் அவர் முகம் வரவில்லை வெர்லீன். அவர் இருமல்தான் காதில் கேட்கிறது. படுக்கையில் கிடந்த முகம் ஒன்று வருகிறது, அது அவருடையது இல்லை.

அங்கே நம்மவர் யாராவது படக்கடை வைத்திருந்தால் போ. தனியாக நில். முன்னால் யாரையும் நிற்க விடாதே. பல் தெரியச் சிரிக்காதே. நான் திட்டும்போது வாயை மூடிக்கொண்டு முறைப்பாயே, அப்படிப் பார். அந்த நெற்றியும் அந்த முறைப்பும் அவருடையவை. எடுத்ததும் எனக்கு அனுப்பு.

கர்த்தர் உன்னை நிமிர்ந்து நிற்க வைக்கட்டும்.

உன் அம்மா,
கெஸியா