கோடு போடாத வரி

“மாஸ்ரர், இந்த வரி ரெண்டு மெசினுக்கும் பொதுவோ?” என்று, எங்கள் கணினி வகுப்பின் தட்டெழுத்தாளரான நீங்கள், பொறியிலிருந்து கையை எடுக்காமலே கேட்டீர்கள். யோசிக்காமல் ஓம் என்றேன்.

இன்று காலை பக்கத்து வீட்டுப் பிள்ளை நகப்பூச்சுப் போத்தலைத் திறந்தாள். பிரதிகள் உருட்டி எடுக்கும் ஸ்டென்சில் தாளில் பிழை திருத்தும் சிவப்புத் திரவத்தின் அதே மணம். உங்கள் அந்தக் கேள்வி மறுபடி காதில் விழுந்தது.

அப்போது போர்க்காலம். நெல்லியடியில் எங்கள் வகுப்பில் ஒரு கணினி; கரவெட்டியில் அகதிகளைப் பதியும் அலுவலகத்தில் இன்னொன்று. இரண்டின் இயங்குதளமும் வேறு, கையேடு மட்டும் ஒன்று. மூலப்பிரதியின் ஓரத்தில் எங்கள் கணினிக்குரிய வரிக்கு நீலக்கோடு, அவர்களுடையதற்குச் சிவப்பு. கோடில்லாத வரி இருவருக்கும். போகும் இடத்துக்குத் தேவையற்ற நிறக்கோட்டு வரிகளை விட்டுவிட்டு ஸ்டென்சில் வெட்டுவீர்கள். மச்சம் சாப்பிடாத வீட்டுக்கு மீன் போடும் வரியை விட்டுச் சமையல் குறிப்பு எழுதுவதுபோல என்று வகுப்பில் விளக்குவேன்.

நான் பொது என்று சொன்ன வரி இது: ‘பிரதி எடுக்கும்போது, போய்ச்சேரும் தட்டின் எழுத்தை முதலில் எழுதுக.’ தட்டு என்றது தகவல் பதியும் நெகிழ்தட்டை; ஒவ்வொன்றுக்கும் A, B என்று ஓர் எழுத்து. எங்கள் கணினிக்கு அந்த வரிசை சரி. அவர்களுடையதில் மூலத்தட்டுத்தான் முதலில். அதில் நான் ஒருநாளும் பிரதி எடுத்துப் பார்த்ததில்லை.

அடுத்த கிழமை கரவெட்டி அலுவலகத்தார் ஆளனுப்பினார்கள். புதிய பட்டியலின் மேல் முந்திய கிழமைப் பட்டியல் பதிந்து, ஷெல்லடிக்குத் தப்பி வந்து புதிதாகப் பதிந்தவர்களின் பெயர்கள் போய்விட்டன. மகனைத் தேடி வந்த தொண்டைமானாற்றுத் தாய் ஒருவரை, பெயர் இல்லை என்று அன்று காலைதான் திருப்பி அனுப்பியிருந்தார்கள். ஞாயிறுகளில் அங்கே பதிய உதவிய உங்களுக்கு அந்த மகனை நினைவிருந்தது.

அந்தத் தாயின் வீட்டுக்கு இருவரும் சைக்கிளில் புறப்பட்டோம். வழியில் ஹெலிகொப்டர் சுற்றியது; பனைகளுக்குள் குப்புறக் கிடந்தோம். ஹெலியைவிட அந்தத் தாயின் முகத்துக்கு நான் பயந்தேன்.

அந்த வீட்டில் ஒப்பாரி தொடங்கியிருந்தது. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். நீங்கள் உள்ளே போனீர்கள்.

“அம்மா, உங்கடை மகன் உயிரோடை இருக்கிறார். பிழை எங்கடை தாளிலை.”

என்னுடைய பிழையை ‘எங்கடை’ என்றீர்கள். தாய் நெடுநேரம் அழுதார். பிறகு கேட்டார்:

“அப்ப மற்ற ஆக்களின்ரை பேர்?”

அந்தப் பெயர்களுக்காக முகாம் முகாமாக நடந்தோம். நாங்கள் போகுமுன்பே வேறிடம் போய்விட்டவர்களின் பெயர்கள் கிடைக்கவில்லை; அவர்களைத் தேடி யார் யார் வந்து, ‘பெயர் இல்லை’ என்ற பதிலோடு திரும்பினார்களோ, தெரியாது.

இப்போது நீங்களும் காலமாகிவிட்டீர்கள். யாருக்காவது செய்முறை எழுதும்போது அந்தத் தாயின் கேள்வி இன்னும் என் கையை நிறுத்துகிறது. இதை வாசிப்பவர்களே, ஒன்று செய்து பாருங்கள்: நீங்கள் எழுதிய தாளை, அது போகும் கருவியின் முன்னால் இருந்து, ஒவ்வொரு வரியாகச் செய்து முடித்த பிறகே கொடுங்கள்.