கண்ணாடி அறையில் தொங்கிய பலூன்

மச்சான்,

நேற்று அந்தக் கறுப்பு ரப்பர் பலூனை மறுபடியும் பார்த்தேன். பாண்டியில் ஓர் ஆஸ்பத்திரி. கண்ணாடிக் கதவு போட்ட தனி அறை. என் மகன் படுத்திருந்த கட்டிலின் தலைமாட்டில் அது சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு மெஷின் புஸ் புஸ் என்று அவனுக்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. உன் அக்கா பலூனைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவனுக்கும் உனக்கு வந்ததேதான். பூச்சி மருந்து. காற்றுக்கு எதிரே நின்று, மேலுக்குச் சட்டை இல்லாமல் நெல்லுக்கு அடித்தான். அனுப்பி வைத்தவன் நான். பதினைந்து வருஷத்தில் உன் மாமா கற்றுக்கொண்டது அவ்வளவுதான்.

எட்டாவது பாஸ், ஒன்பதாவது இரண்டு தடவை பெயில் என்றால் அன்றைக்குப் பண்டசோழநல்லூரில் வக்கீலுக்கு அடுத்த இடம். அந்த மிதப்பில் வரப்பில் நின்று மருந்து டப்பாவை உரக்க வாசித்தேன்: "கையுறை அணியவும்." வாளியில் முழங்கை வரை விட்டுக் கலக்கிக்கொண்டே நீ கேட்டாய், "கையுறையா? எனக்கு இன்னா மாமா, தொர உத்தியோகமா?" உன்னைவிட நான்தான் பெரிதாகச் சிரித்தேன். மீதியை வாசிக்கவில்லை.

சாயங்காலமே வாந்தி, வேர்வை. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டதும் தெளிந்தாய். மறுநாள் உன் கழுத்து நிற்கவில்லை, இமை திறக்கவில்லை. பிறகு மூச்சும் இழுக்கவில்லை. தொண்டையில் குழாய் இறக்கி, அதன் முனையில் பலூனை மாட்டி என் கையில் கொடுத்தார் அந்தச் சின்ன வயது டாக்டர்.

"இதுக்குன்னே தனி ரூம், மெஷின் எல்லாம் ஒருநாள் வரும். இப்ப உங்க கைதான் மெஷின். வெஷம் இறங்குற வரைக்கும், ஒரு அஞ்சு நாள் அமுக்குங்க. பொழச்சுக்குவாரு. அவருக்கு எல்லாம் காது கேக்குது, பாத்துப் பேசுங்க."

நானும் உன் அப்பாவும் மாறி மாறி அமுக்கினோம். எனக்குக் கை அசந்து வேகம் குறையும்போதெல்லாம் உன் ஆள்காட்டி விரல் என் மணிக்கட்டைச் சுரண்டும். உடனே அமுக்குவேன். விரல் நின்றுவிடும். இரண்டு நாள் நமக்குள் அதுதான் பேச்சு.

மூன்றாம் நாள் காலையில் உன் அப்பா பலூனைக் கீழே விடாமலே சொன்னார்: "வாணாம் மாப்ள. இங்க உசுரு போச்சுனா பொணத்த வூட்டுக்குள்ள சேக்க மாட்டாங்க. எம்புள்ள தெருவுல கெடக்கக் கூடாதுபா. உசுரோட கொண்டு போயிடலாம்."

நான் பலூனை வாங்கிக்கொண்டேன். அவர் உன் காதோரம் குனிந்து, "வூட்டுக்குப் போலாமாடா?" என்றார். உன் விரல் என் மணிக்கட்டைச் சுரண்டியது.

"சரின்றான் பாரு," என்றார். நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன். எடுத்துக்கொள்ள வசதியாக இருந்தது. கை அவ்வளவு வலித்தது, மச்சான்.

டாக்டர் கெஞ்சினார்: "இன்னும் மூணே நாள்ங்க." உன் அப்பாவுக்குக் கைநாட்டுத்தான். அதனால் படித்த மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டேன். என் ஆயுசில் அவ்வளவு அழகாக நான் கையெழுத்துப் போட்டதில்லை.

பலூன் ஆஸ்பத்திரி சாமான். குழாயோடு அதைக் கழற்றி வைத்துக்கொண்டார்கள். வாடகைக் காரில் நீ சொந்தமாகக் கொஞ்சம் கொஞ்சம் இழுத்துக்கொண்டு வந்தாய். வில்லியனூரில் ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி ஆடி அசைந்து போயிற்று. கேட் திறந்தபோது நீ இல்லை.

ஊரில் கார் நின்றதும், "உசுரு இருக்காபா?" என்று சுற்றிக்கொண்டார்கள். "இருக்கு," என்றேன். உன்னை உள்ளே கொண்டுபோய்க் கிடத்தினார்கள். உன் அம்மா ஊற்றிய பால் கடைவாயில் வழிந்தது. உன் அப்பா என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் பொய்யைத்தான் நான் உனக்குச் செய்த உபகாரம் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

நேற்று மகன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திடீரென்று அவன் விரல் என் மணிக்கட்டைச் சுரண்டியது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நர்சம்மா!" என்று கத்தினேன். அந்தப் பெண் ஓடி வந்து, "குழாய்ல சளி அடைச்சிருக்கு. மூச்சு பத்தலன்னு கூப்புடுறாரு பெரியவரே," என்று குழாயைச் சுத்தம் செய்தாள். விரல் நின்றுவிட்டது.

இன்று அவனுக்குக் குழாயை எடுத்துவிட்டார்கள். அவனாகவே மூச்சு விடுகிறான். தண்ணீர் கேட்டான். மெஷினுக்குக் கை வலிக்காது, மச்சான். அன்றைக்கு அந்த டாக்டர் ஒருநாள் வரும் என்று சொன்னது அதுதான்.

வெளியே பெஞ்சில் உன் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "எந்தம்பி கடைசியா வூட்டுக்குத்தான போவணும்னான்?"

பதினைந்து வருஷமாக "ஆமாம்" என்று சொல்லி வந்தவன் நான். இன்று மணிக்கட்டை இன்னொரு கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.