முனகல் பேச்சான கேசட்

தூத்துக்குடி,
அக்டோபர் 19.

அன்பு மகன் ஜெஸ்டினுக்கு அப்பா எழுதுவது. மாதா காவலில் நாங்கள் நலம். குஜராத்தில், வேராவலில் நீயும் பிள்ளைகளும் சுகம்தானே? என் நம்பரைப் பார்த்தால் போனை எடுக்க மாட்டாய் என்று ஷெர்லின் சொன்னாள். மில்லர்புரத்திலிருந்து வந்து உன் விலாசத்தை எழுதிக் கொடுத்ததும் அவள்தான். தங்கையைத் திட்டாதே.

அம்மாவுக்கு இடது காது போய்விட்டது. வலது காது இன்னும் ஒரு வருஷம் தாங்கினால் பெரிது என்கிறார் டாக்டர். அதனால் அந்த கேசட்டைப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்கிறாள்.

உனக்கு நினைவிருக்கும். கோவிலில் புதுநன்மை வாங்கும் நாளுக்கு ஷெர்லின் பாடிப் பழகியதை நான் பதிவு செய்தேனே, அதுதான். உன் தம்பி இனிகோ கடைசியாகக் கடலுக்குப் போன சாயங்காலம் பதிந்தது. அம்மா அப்போது கோவிலில் இருந்தாள். பாட்டுக்குப் பின்னால் ஒரு முனகல் வரும். "அது எம்புள்ள சத்தம்தான். என்ன சொல்லுதான்னு ஒருக்கா கேட்டுட்டா போதும்" என்று ஸ்பீக்கரில் காதை வைத்துக் கிடப்பாள். தெருவில் போகிறவன் குரல் என்று நானும் இருபத்தொரு வருஷமாக அதட்டி வந்தேன். உண்மையைச் சொன்னால், எனக்கு அந்த முனகலைக் கண்டு பயம்.

இந்த முறை அவள் விடவில்லை. அந்த நாளில் பழைய கப்பல் சாமான் கடையில் வாங்கிய, சத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும் வால்வு பிரீஆம்ப்பைப் பிரித்துப் போட்டேன். கடல் காற்றில் சாக்கெட்டெல்லாம் பச்சை பூத்திருந்தது. கண்டென்சர்கள் வீங்கி ஒழுகியிருந்தன. அவற்றை மாற்றினேன். சென்னையிலிருந்து இரண்டு புது வால்வு கூரியரில் வந்தது. அப்போதுதான் கவனித்தேன், ஒரு கண்டென்சர் குறுக்கே நிற்கிறது. அது கம்பெனி போட்டதல்ல, நான் ஈயம் வைத்தது. கேசட் இரைகிறது என்று அந்தக் காலத்தில் போட்டேன். இரைச்சலோடு பேச்சின் தெளிவையும் அது தின்றுவிடும் என்று தெரியும். பாட்டு இதமாக இருந்தால் போதும் என்று இருந்துவிட்டேன். அதை வெட்டி எடுத்தேன்.

போன வெள்ளிக்கிழமை ஜெபமாலை முடிந்ததும் செட்டைப் போட்டோம். வால்வு சூடாக ஒரு நிமிஷம் ஆகும். அம்மா வலது காதைத் திருப்பி உட்கார்ந்தாள். ஷெர்லின் பாடுகிறாள். வாசலில் செருப்புச் சத்தம். வள்ளக்காரர் விஜயராஜ் உன்னைத் தேடி வந்திருக்கிறார். இனிகோ சொல்கிறான்: "அண்ணாச்சி, அண்ணன எழுப்பாதிய. காய்ச்சல் கொதிக்கு. எழுப்புனா வந்துருவான். அவன் எடத்துல நான் வாரேன்." பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி இருந்தது.

அதே முனகலில் புதைந்து கிடந்த இன்னொரு குரல். என் குரல். "ஏலே, வாசல்ல என்னல சத்தம்? ரெக்கார்டிங் ஓடுதுலா!" அவன் மெதுவாக "சரிப்பா" என்கிறான். கதவு சாத்தும் சத்தம். ஷெர்லின் அடுத்த அடியைப் பாடுகிறாள்.

விஜயராஜையும் சேர்த்து அந்த வள்ளத்தில் போன ஐந்து பேரும் திரும்பவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லை. காய்ச்சலில் கிடந்தேன், அவன் போனதே தெரியாது என்று நீ சொன்னாய். குடித்துவிட்டுத் தம்பியை அனுப்பினாய் என்று நான் சொன்னேன். அவனுக்கு வைத்த பூசையில் முன் பெஞ்சிலிருந்து உன்னை எழுப்பிவிட்டேன். ஊரே பார்த்தது. மகனே, அநியாயமாக உன்னைப் பழித்துவிட்டேன். வாசலில் நின்றவனை நானாவது திரும்பிப் பார்த்திருக்கலாம்.

அம்மா அழவில்லை. "இத ஜெஸ்டின் கேக்கணும்" என்று மட்டும் சொன்னாள். தினமும் போடுகிறாள். அந்த இடம் வரும்போது நான் முற்றத்துக்குப் போய்விடுகிறேன். அங்கேயும் கேட்கிறது. செட்டை அணைத்த பிறகும் கேட்கிறது.

நவம்பர் இரண்டு கல்லறைத் திருநாள். இனிகோவுக்குக் கல்லறை இல்லாததால் கடற்கரை மணலில்தான் மெழுகுதிரி கொளுத்துவோம். காற்றுக்கு மறைவாகக் கை வைத்துப் பிடிக்க ஆள் வேண்டும்.

வீட்டை விட்டுக் கிளம்பும் பிள்ளையின் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்புவது நம் வழக்கம். அன்று இனிகோவுக்கு நான் போடவில்லை. நீ போனபோது உனக்கும் போடவில்லை. இந்தக் காகிதத்தின் மேல் இப்போது விரலால் போட்டிருக்கிறேன். என் கை எட்டும் தூரத்தில் ஒரு தடவை வந்து நில், மகனே.

உன் அப்பா,
கிளாட்வின்