தாமுவிடம் சொல்லிவிட்டேன்

இன்று காலை ஆரணியில் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் அரிசி ஆலையிலிருந்து நெல் வேகும் வாசனை வந்தது. சென்னை ஆய்வகத்தில் நாம் ஒன்றாக இருந்த நாட்களில், விடுமுறைக்கு உன்னோடு வந்து இறங்கும்போதெல்லாம் இதே வாசனைதான். இன்று உன் தம்பி தாமு கூப்பிட்டதால், தனியாக வந்தேன்.

உன் அப்பாவுக்குத் தறியில் கை துள்ள ஆரம்பித்தபோது தெருவில் குடி என்றார்கள். குடியில்லை, ஒரே ஒரு மரபணுவின் பிழை. மூளையை மெல்ல அழிக்கும், பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று நீ படித்துத் தெரிந்துகொண்டாய். அந்த மரபணுவை அடக்கும் ஆய்வை ஏன் எடுத்தாய் என்று எனக்கு மட்டும் சொன்னாய்.

இரண்டு வழிகளை ஒப்பிட்டோம். மரபணுவின் செய்தியைச் சுமந்துபோவது ஆர்.என்.ஏ. அதற்கு எதிராக எழுதிய ஒற்றை இழைதான் ஆன்டிசென்ஸ்; ஒட்டிக்கொண்டதும் செல்லின் நொதி அந்தச் செய்தியை வெட்டிவிடும். அது என் பங்கு. உன் பங்கு ஆர்.என்.ஏ குறுக்கீடு. இரட்டை இழையாக உள்ளே போகும். அதில் ஒன்றை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு, செல்லின் புரதங்களே செய்தியைத் தேடித் தேடி வெட்டும். என்னுடையது உட்கருவுக்குள்ளும் வேலை செய்தது. உன்னுடையது குறைந்த அளவிலேயே அதிக நாள் நின்றது. ஆனால் இரண்டுமே பிழையான பிரதியோடு நல்ல பிரதியையும் அடக்கின.

"எத நிறுத்தணும்னு இதுங்களுக்குத் தெரியலையே" என்றாய்.

மூன்றாம் வருடம் ஒரு மதியம், பிப்பெட் பிடித்திருந்த உன் விரல் தானாகத் துள்ளியது. துளி சோதனைத் தட்டில் பக்கத்துக் குழியில் விழுந்தது. நான் பார்க்காததுபோல் இருந்தேன். மறுநாளும் துள்ளியது.

"பாத்துகினுதான இருக்க?" என்றாய்.

"டெஸ்ட் எடுத்துடலாம்."

"எடுத்தாச்சு. தாமுகிட்ட சொல்லாத. அவனாவது நிம்மதியா இருக்கட்டும்."

சரி என்றேன். பிறகு எட்டு வருடம். முதலில் உன் நடை போனது, அப்புறம் பேச்சு. கடைசியில் விழுங்கவும் முடியாமல் நீ போனாய். நரம்புத் தளர்ச்சி என்றுதான் உன் வீட்டில் இன்றும் சொல்கிறார்கள்.

தாமு காபி கொண்டுவந்தான். தட்டில் டம்ளர் கடகடவென்று ஆடியது. அவன் அதை அவசரமாகக் கீழே வைத்தான். உள்ளே அவன் மனைவி, ஏழு மாதம்.

"நீங்க கூடவே இருந்தீங்க. அக்காவுக்கு வந்தது எனக்கும் வருமா?"

எல்லாவற்றையும் சொன்னேன். மருந்து இருக்கிறதா என்று கேட்டான். குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை என்றேன். அவன் வெகுநேரம் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"முன்னாடியே சொல்லியிருந்தா, கொழந்தையப் பத்தி யோசிச்சிருப்போம்க்கா" என்றான். குரலை உயர்த்தவில்லை.

அடுத்த வாரம் அவனைப் பரிசோதனைக்குக் கூட்டிப்போகிறேன். உனக்குக் கொடுத்த வாக்கை மீறிவிட்டேன். அது என்னை உறுத்தவில்லை. அவன் கல்யாணத்துக்கு வந்து, வயிறாரச் சாப்பிட்டு, மணமக்களை வாழ்த்திவிட்டு, ஒன்றும் சொல்லாமல் பஸ் ஏறினேனே, அதைத்தான் சுமந்துகொண்டிருக்கிறேன்.